போகன்விலா வளர்ப்பு: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரையம்பதியில் எங்கள் படலைக்கு மேல் ஒரு போகன்விலா பதினேழு வருடமாக நிற்கிறது. கச்சான் காற்று வீசுகிற காலத்தில் அது பூத்துக் கிடக்கும்போது றோட்டால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி ஒரு தடி கேட்பார்கள். தடி கொண்டு போனவர் இரண்டு மாதத்தில் திரும்பி வருவார்: "பிடிக்கல்ல அக்கா." பிடித்தவர் ஒரு வருடத்தால் வருவார்: "பிடிச்சது, பூக்குதில்ல." காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, கொக்கட்டிச்சோலை என்று எந்த ஊரில் இருந்து வந்தாலும் சந்தேகம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். மேலிருந்து வாசித்து வாருங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும்.

போகன்விலா எண்டா கடதாசிப்பூ தானே? இல்ல ரெண்டும் வேறயா?

ஒன்றுதான். எங்கள் அம்மம்மா காலத்து ஆட்கள் கடதாசிப்பூ என்பார்கள், கன்று விற்கிறவர்கள் போகன்விலா என்பார்கள். தொட்டால் கடதாசி போலச் சரசரக்கும், அதனால் அந்தப் பெயர்.

நாம் பூ என்று பார்க்கிற அந்த நிறம் உண்மையில் இலை. ஒரு கொத்தைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நிறமான இலை மூன்று இருக்கும். ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் ஈர்க்குக் கனத்தில் ஒரு சின்னக் குழல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயில் வெள்ளையாக ஒரு நட்சத்திரம் விரிந்திருக்கும். அதுதான் பூ. அது வாடிய பிறகும் நிற இலை வாரக்கணக்கில் நிற்கும். மல்லிகை ஒரு நாளில் வாட இது ஒரு மாதம் நிற்பதற்குக் காரணம் இதுதான். அடுக்குப் பூ வகைகளில் இந்த வெள்ளைப் பூவைக் காணமாட்டீர்கள். நிற இலை மட்டும் கொத்துக் கொத்தாக இருக்கும். அவை காய்ந்தாலும் இலகுவில் உதிராது, கையால்தான் கிள்ளி எடுக்கவேண்டும்.

இது எங்கட நாட்டுப் பூவா, வெள்ளைக்காரன் கொண்டு வந்ததா?

தென்னமெரிக்காவின் செடி, பிரேசில், பெரு, ஆர்ஜென்டினா பக்கம் தானாக வளர்வது. லூயி அந்துவான் த பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடி 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிக் கப்பல் ஓட்டினார். அவரோடு போன தாவரவியலாளர் பிலிபேர் கொமர்சோன் 1767 இல் ரியோ டி ஜெனெய்ரோவில் இந்தச் செடியை எடுத்தார், கப்பல் தலைவரின் பெயர் செடிக்கு வந்தது. கொமர்சோனின் உதவியாளாக ஆண் வேடம் போட்டுக் கப்பலேறியவர் ஜான் பாரே என்ற பெண். உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். கொமர்சோனுக்குக் காலில் வருத்தம் இருந்ததால் செடி சேர்க்கிற பாரத்தில் பெரும்பங்கு அவர் தலையில்தான் விழுந்தது. பெயர் கப்பல் தலைவருக்குப் போனாலும் எங்கள் படலையில் பூக்கும்போது எனக்கு அந்தப் பெண்ணின் நினைவுதான் வரும்.

நம் வளவில் பின்னேரம் விரியும் அந்திமந்தாரையும் இதுவும் ஒரே குடும்பம்.

எப்ப நடுறது நல்லம்? மழைக்கு முதலா, மழைக்குப் பிறகா?

மழைக்குப் பிறகு. தைப்பொங்கல் கழிந்து பெருமழை ஓய்ந்ததும், மாசி முடிவதற்குள் நடுங்கள். நிலத்தில் ஈரம் இருக்கும், வெயிலும் ஏறத் தொடங்கியிருக்கும். வைகாசியில் கச்சான் வீசத் தொடங்கும்போது வேர் கீழே போயிருக்கும். ஐப்பசியில் நட்டால் தண்ணீர் ஊற்றுகிற வேலை மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் இங்கே கொட்டுகிற மழையைப் பிஞ்சு வேர் தாங்காது.

எங்கட வளவில தென்னைக்குக் கீழ தான் இடம் இரிக்கி. அங்க வெச்சா காணுமா?

செடி வளரும், பூ வராது. ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் படவேண்டும். தென்னோலை நிழல் மெல்லியதுதான், ஆனாலும் இதற்குக் கூடாது. காலையிலும் மத்தியானத்திலும் பின்னேரம் நாலு மணிக்கும் மூன்று தரம் போய் அந்த இடத்தில் நின்று பாருங்கள். மூன்று தரமும் உங்கள் தலையில் வெயில் சுட்டால் அதுதான் இடம். நிழலுக்குப் பூச்செடி வேண்டுமென்றால் வேறு ஏதாவது பாருங்கள்.

நாங்க கடலோரம். முழுக்க மணல், கிணத்துத் தண்ணியும் உப்பு. பிடிக்குமா?

பிடிக்கும். கல்லடி முதல் திருக்கோவில் வரை கடற்கரைப் பக்கத்தில் நம்பி வைக்கக்கூடிய பூங்கொடி இது. உப்புக்காற்றைத் தாங்கும், ஓரளவு சவர்த் தண்ணியையும் தாங்கும். 2004 சுனாமியில் கரையோரக் கிணறுகளுக்குள் கடல் தண்ணீர் புகுந்து உப்பானபோது வளவுகளில் எத்தனையோ பூச்செடிகள் பட்டுப்போயின. அந்தத் தண்ணியோடு திரும்பத் தழைத்தவற்றில் கடதாசிப்பூவும் இருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

வெறும் மணலில் பசளை நிற்காது. இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் குழி வெட்டி, எடுத்த மணலோடு மக்கிய மாட்டெரு ஒரு பங்கும் தும்புத்தூள் ஒரு பங்கும் கலந்து நிரப்புங்கள். கிணற்றுத் தண்ணீர் நன்றாக உப்பென்றால் இலையில் படாமல் அடியில் மட்டும் ஊற்றுங்கள். மழைக் காலத்தில் மேலிருந்து இறங்கும் நல்ல தண்ணீர் தேங்கிய உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

எங்கட பக்கம் களி. மழைக்கு வளவில கெண்டைக்கால் மட்டும் தண்ணி நிக்கும். ஒண்ணாதா?

ஒண்ணும், ஆனால் மேடு வேண்டும். என் தங்கச்சி வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையில் வாழ்க்கைப்பட்டவள். 2014 இல் மண்முனைப் பாலம் திறப்பதற்கு முதல், வாவியைக் கடக்கிற மிதவையில், அதைப் பாதை என்போம், ஏற்றி அவளுக்கு ஒரு கன்று கொண்டு போனேன். வாவிக்குக் கிழக்கே எங்கள் எழுவான்கரை மணலில் நடுகிற மாதிரியே குழி வெட்டி நட்டோம். அடுத்த மார்கழியில் வெள்ளம் வற்றின பிறகு போய்ப் பார்த்தால் இலை எல்லாம் கொட்டி நின்றது. பிடுங்கினேன். வேர் கறுத்து, தோல் கையோடு உரிந்து, சாக்கடை மணம் அடித்தது. களியில் குழி வெட்டினால் அது குழியல்ல, தண்ணி நிற்கிற சட்டி.

இரண்டாவது கன்றைக் குழி வெட்டாமல் நட்டோம். நிலத்துக்கு மேலே உடைந்த செங்கல்லை ஒரு படை பரப்பி, அதன் மேல் ஆற்றுமணலும் எருவும் வளவு மண்ணும் கலந்து ஒன்றரையடி உயரத்துக்கு மேடு போட்டோம். மேடு கரையாமல் சுற்றிவரத் தென்னங்குற்றி அடுக்கினோம். அந்தக் கொடி இன்றைக்கும் அவள் வீட்டு முற்றத்தில் நிற்கிறது.

ஒரு தடி ஒடிச்சுத் தாங்களன், குத்தி விட்டாத் தானே வரும்?

குத்தி விட்டால் பத்துக்கு ஒன்று வரும். கொஞ்சம் பார்த்துச் செய்தால் பாதிக்கு மேல் வரும். இளம் பச்சைத் தண்டு அழுகிவிடும், கிழட்டுக் கட்டை வேர்விட மிகவும் பிந்தும். பூத்து முடிந்த, பென்சில் கனமுள்ள, தோல் பழுப்பாகத் தொடங்கிய தடியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். அடிப்பக்கத்தைக் கணுவுக்குக் கீழே சரிவாகவும் மேற்பக்கத்தை நேராகவும் வெட்டினால் தலைகீழாக நடுகிற பிழை வராது. இலையை எல்லாம் கிள்ளிவிட்டு இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி வையுங்கள். மண்ணுக்குப் பதிலாக ஆற்றுமணலும் தும்புத்தூளும் பாதிக்குப் பாதி. எருவும் வேண்டாம், பசளையும் வேண்டாம். வேர் விடச் செய்கிற பொடி விவசாய மருந்துக் கடைகளில் இருக்கும். கிடைத்தால் அடி நுனியில் தொட்டு நடலாம்.

நிழலில் வைத்து, மேலே ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்து விடுங்கள். ஊரெல்லாம் நிற்கிற ஊதா வகை இலகுவில் வேர்விடும். வெள்ளையும் செம்மஞ்சளும் அடுக்குப் பூவும் பிடிவாதம் பிடிக்கும். அவற்றுக்குப் பதியம் நல்லது: தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, அடித்தோலைக் கொஞ்சம் சீவி மண்ணுக்குள் புதைத்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் தாய்க்கொடியில் இருந்து வெட்டி எடுக்கலாம்.

குத்தின தடியில தளிர் வந்திச்சு, வடிவா நிண்டது. மறுகா ஒரு கிழமையில பட்டுப் போச்சு. என்ன கா நடந்தது?

இந்தச் செடியில் தளிர் முதல் வரும், வேர் பிறகுதான் வரும். தடிக்குள் இருக்கிற சேமிப்பில்தான் அந்தத் தளிர் வருகிறது. தளிரைக் கண்டதும் "பிடிச்சிட்டு" என்று வெயிலுக்கு எடுத்தோ பிடுங்கி நிலத்தில் நட்டோ விடுகிறோம். வேரில்லாத தளிர் வெயிலில் எப்படி நிற்கும்?

நான் இப்போது இப்படிச் செய்கிறேன். வெறும் தண்ணிப் போத்தலைப் பாதியில் வெட்டி, அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, அதற்குள் தடியை நட்டுச் சுற்றிவரப் பழைய பேப்பரைச் சுற்றிவிடுவேன். கிழமைக்கொரு தரம் பேப்பரைக் கழற்றிப் பார்ப்பேன். ஆறாம் ஏழாம் கிழமையில் போத்தலின் சுவரோடு வெள்ளை நூல் போல வேர் தெரியும். அது தெரியும் வரைக்கும் தடியில் எத்தனை இலை நின்றாலும் அசைக்கமாட்டேன். மூன்று மாதம் எடுத்த தடியும் உண்டு.

கடையில வாங்கின கன்று, பையைக் கழட்டி நட்டு பத்து நாளில செத்துப் போச்சு. வெள்ளைக்கன்று, விலையும் கூட.

வேரைச் சுற்றியிருந்த மண் உதிர்ந்ததா என்று யோசித்துப் பாருங்கள். போகன்விலாவின் பலவீனம் அதுதான். வேர் மயிரிழை மாதிரி, மண் உதிரும்போது அதுவும் அறுந்துவிடும். நானும் ஒரு செம்மஞ்சள் கன்றை அப்படி இழந்தேன். பையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன், மண்கட்டி இரண்டாகப் பிளந்தது, அவ்வளவுதான்.

நடுவதற்கு முதல்நாள் தண்ணி ஊற்றி மண்ணை இறுக விடுங்கள். பையின் அடியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுக் குழிக்குள் வையுங்கள். பக்கத்தில் பாதி மண் நிரப்பிய பிறகு பையைப் பிளேட்டால் மேலிருந்து கீழாகக் கீறி மெல்ல உருவுங்கள்.

எத்தனை நாளுக்கொருக்காத் தண்ணி ஊத்துறது?

முதல் வருடம் மணலில் என்றால் இரண்டு நாளுக்கொருமுறை, களியில் நாலைந்து நாளுக்கொருமுறை. ஒரு வருடம் தாண்டிய கொடிக்குக் கணக்குச் சொல்லமாட்டேன், இலையைப் பார்த்து ஊற்றச் சொல்வேன். மத்தியானம் இலை தொய்ந்து, பொழுது சாய நிமிர்ந்தால் அதற்குத் தண்ணி தேவையில்லை. விடியற்காலை எழும்பிப் பார்க்கும்போதே தொய்ந்து நின்றால் அன்றைக்கு ஊற்றுங்கள். ஊற்றும்போது இரண்டு மூன்று வாளி, அடியை விட்டு ஒரு முழம் தள்ளிச் சுற்றிவர. தினம் ஒரு செம்பு ஊற்றுவது கொடியைக் கெடுக்கிற பழக்கம். வேர் மேலே மட்டும் நின்றுவிடும்.

மதிலுக்கு மேலால பச்சைப்பசேலெண்டு நிக்கிது, மூணு வருசமா ஒரு பூ இல்ல. வெட்டி எறியட்டா?

எறியவேண்டாம். இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் வைத்த கொடி கிணற்றடியில் நின்றது. குளிக்கிற தண்ணி, உடுப்புக் கழுவுகிற தண்ணி எல்லாம் அதன் அடியால்தான் ஓடும். ஐந்து வருடத்தில் கூரைக்கு ஏறியது, இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், பூ என்று கண்டது இரண்டு மூன்று கொத்து. அதே கொடியில் ஒரு தடி வெட்டிப் படலையடியில் வைத்தேன். அங்கே வாளி தூக்கிப் போக எனக்கு நேரமில்லை, ஊற்றினால் ஊற்றினதுதான். அடுத்த வருடச் சித்திரையில் இலை தெரியாமல் பூத்தது. ஒரே தடி, ஒரே மண், ஒரே வெயில். வேறாக இருந்தது தண்ணி ஒன்றுதான்.

மழையும் வறட்சியும் மாறி மாறி வருகிற நிலத்தில் பிறந்த செடி இது. தண்ணி தாராளமாகக் கிடைக்கிற மட்டும் தண்டும் இலையும் போடும். வறட்சி பிடித்தால்தான் பூக்கத் தொடங்கும். ஆகவே பங்குனி, சித்திரையில் மழை இல்லாத நாட்களாகப் பார்த்து இரண்டு மூன்று கிழமை தண்ணியை நிறுத்துங்கள். விடியற்காலையில் இலை தொய்ந்து, சில இலை மஞ்சளாகி விழத் தொடங்கும். அப்போது ஒருமுறை நன்றாக ஊற்றி, பிறகு மேலே சொன்ன கணக்குக்கு வாருங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் நுனிகளில் நிறம் தெரியும். நட்டு ஒரு வருடம் ஆகாத கன்றுக்கு இதைச் செய்யக்கூடாது.

தண்ணியை நிறுத்தியும் பூக்கவில்லையா? வெயில் காணுமா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் அடிக்கடி கத்தரி போடுகிறீர்களா என்று பாருங்கள். பூ வருவது புதுத் தளிரின் நுனியில். மதிலுக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று மாதாமாதம் வெட்டுகிறவர்கள் வரப்போகிற பூவைத்தான் வெட்டுகிறார்கள்.

வயலுக்கு வாங்கின யூரியா மிச்சம் கிடக்கு. ஒரு பிடி போட்டா பூக்கும் தானே?

இலைதான் வரும். அம்பாறைப் பக்கம் போனால் எல்லா வீட்டிலும் இந்தக் கேள்விதான். யூரியாவில் இருக்கிற சத்து நைதரசன் மட்டும்தான். நெல்லுக்கு அது வேண்டும், இதற்குக் கூடாது. வீட்டில் எம்.ஓ.பி. என்கிற பொட்டாசியப் பசளை இருந்தால், மாசியில் கவ்வாத்துப் பண்ணின பிறகு ஒரு மேசைக்கரண்டி, அடியில் இருந்து தள்ளித் தூவி மண்ணால் மூடித் தண்ணி ஊற்றுங்கள். கிணறு உப்பான வளவில் அதுவும் வேண்டாம். மக்கிய ஆட்டுப்புழுக்கையும் அடுப்புச் சாம்பல் ஒரு சிரட்டையும் வருடத்துக்கு இரண்டு முறை போட்டாலே போதும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது வயற்காரர் பட்ட பாடு தெரியும். இந்தக் கொடிக்கு அந்த வருடம் ஒரு குறையும் வரவில்லை. பச்சைக் கோழியெருவை மட்டும் கிட்டவும் கொண்டு போகாதீர்கள், வேரைச் சுட்டுவிடும்.

கச்சானுக்கு இலை கொட்டிப் போகுது. ஏதும் வருத்தமா?

வருத்தமில்லை. மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்குகிற வறண்ட காற்றுத்தான் கச்சான். கதவு யன்னல் எல்லாம் தூசு படியும், உதடு வெடிக்கும், மற்றச் செடிகள் கருகும். இந்தக் கொடி இலையைக் குறைத்துக்கொண்டு பூவை வைத்திருக்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கிற நாட்களில் ஊரில் தண்ணி வற்றிக் கிடக்கும், எங்கள் படலையில் நிறம் கொட்டிக் கிடக்கும். அடியில் பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கி விடுங்கள், வேர் சூடேறாது.

அம்மனுக்கு வைக்கலாமா இதை?

எங்கள் பக்கத்தில் மாலைக்கும் பூசைக்கும் எடுப்பதில்லை, வாசமில்லாத பூ. வாசலுக்கு, பந்தலுக்கு எடுக்கிறார்கள்.

கவ்வாத்து எப்ப, எவ்வளவு?

வருடத்தில் இரண்டு. பெரியது தைப்பொங்கலுக்குப் பிறகு: ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, காய்ந்ததையும் உள்ளுக்குள் பின்னிக் கிடப்பதையும் எடுத்துவிடுங்கள். அதிலிருந்து வருகிற புதுத் தளிரில்தான் சித்திரைப் பூ வரும். சின்னது புரட்டாதிக் கடைசியில்: இது பூவுக்கல்ல, காற்றுக்கு. மதிலுக்கு மேலே பாரமாக நிற்கும் கொடி மழையில் நனைந்து காற்றும் பிடித்தால் பாய்மரம் மாதிரி இழுக்கும். மட்டக்களப்பை அழித்த சூறாவளி 1978 நவம்பர் 23 இல் அடித்தது. அந்த மாதத்துக்கு முதல் தலைப்பாரத்தை இறக்கி வைப்பது நல்லது. இடையில் பூ முடிந்த நுனிகளை நாலு விரல் நீளம் கிள்ளலாம்.

முள்ளை லேசாக நினைக்காதீர்கள். சாக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, செருப்போடு, வெட்டின தடியை உடனுக்குடன் ஓரிடத்தில் குவித்துச் செய்யுங்கள். ஆழமாகக் குத்தினால் கழுவிவிட்டு, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டுக் கனகாலம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொடி எண்டீங்க, தானா ஏறுதில்லையே?

பற்றிப் பிடிக்கிற சுருளும் இல்லை, சுற்றி ஏறுகிற பழக்கமும் இல்லை. காட்டில் மற்ற மரங்களில் முள்ளைக் கொளுவிக்கொண்டுதான் ஏறும். வீட்டில் நாம்தான் கட்டவேண்டும். பழைய சாறனைக் கிழித்த துணிநாடா அல்லது தும்புக்கயிறு நல்லது. தண்டையும் கம்பியையும் எட்டுப் போல வளைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். கட்டுக்கம்பியால் கட்டினால் இரண்டு வருடத்தில் தண்டுக்குள் இறங்கி நெரிக்கும்.

இதின்ட வேர் மதிலை வெடிக்க வைக்குமா?

ஆல், அரசு மாதிரி வேர் இல்லை. மதிலில் இருந்து இரண்டடி தள்ளி நட்டால் அத்திவாரத்துக்குப் பயமில்லை. பாரம்தான் கவலை. கல்லை அடுக்கி மெல்லிசாகப் பூசின மதிலில் முழுக்கச் சாத்தாதீர்கள்; இரும்புக் குழாய் அல்லது கொங்கிறீற்றுத் தூண் இரண்டு நட்டு அதில் கட்டுங்கள். அஸ்பெஸ்டஸ், ஓட்டுக் கூரையில் ஏறவே விடவேண்டாம். பீலியை இலை அடைத்துவிடும்.

லாத்தா, முள்மரம் வாசலில கூடாதாம், பாம்பும் வருமாம். மாமி வெட்டச் சொல்றா.

வாசலில் முள் கூடாது என்பது பெரியவர்கள் மனதோடு சம்பந்தப்பட்டது. அவவோடு வாதாடாமல் பக்க மதிலுக்குக் கொண்டு போங்கள், கொடிக்கு எங்கே நின்றாலும் ஒன்றுதான்.

பாம்புக்குப் பூவால் ஒன்றுமில்லை. அடியில் சருகு குவிந்தால் எலி, தவளை தங்கும், அதைத் தேடிப் பாம்பு வரும். நிலத்தில் இருந்து இரண்டடி உயரத்துக்குக் கிளையில்லாமல் வெட்டி, கூட்டித் துப்புரவாக வைத்திருங்கள்.

சட்டியில வளருமா? மாடியில வைக்கத்தான் இடம்.

நிலத்தைவிடச் சட்டியில் இலகுவில் பூக்கும். வேர் நெருக்கமாக நின்றால் இதற்குப் பூக்கிற மனம் வரும், அதனால் பெரிய சட்டி தேடவேண்டாம், பதினாலு அங்குலம் காணும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. அடியில் ஓட்டை அடைபடாமல் ஓட்டுத்துண்டு வையுங்கள். சட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். வேருக்கும் கூடாது, நுளம்பும் முட்டையிடும். மழை ஓய்ந்தால் டெங்கு வருகிற ஊர் நம்முடையது.

இலை மஞ்சளாகுது. எல்லாரும் ஒவ்வொண்டு சொல்றாங்க.

எந்த இலை என்று பாருங்கள். மழைக்காலத்தில் கீழ் இலைகள் முழுசாக மஞ்சளானால் வேரில் தண்ணி நிற்கிறது. மேட்டைப் பற்றிச் சொன்னதைப் பாருங்கள். வறட்சியில் கிழ இலை நாலு விழுந்தால் கவலைப்படவேண்டாம். நுனித் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. மதில் கட்டினவர்கள் சீமெந்துக் கலவை மிச்சத்தை அத்திவாரத்தோரம் கொட்டியிருப்பார்கள். அந்தச் சுண்ணாம்புத் தன்மையில் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அடியைக் கிளறிக் கலவைக் கட்டிகளைப் பொறுக்கி எடுத்து, மக்கிய குப்பை போடுங்கள். இரும்புச்சத்துக் கரைசல் கிடைத்தால் தளிரில் தெளிக்கலாம், கெதியில் பச்சை திரும்பும்.

இலையில வட்டம் வட்டமா, கத்தரியால வெட்டினது போல கிடக்கு. என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்து அடிக்கவே வேண்டாம். இலைவெட்டித் தேனீயின் வேலை அது. இலை விளிம்பில் இருந்து ஒரு வட்டத்தை வெட்டி, காலுக்குள் சுருட்டிக்கொண்டு பறக்கும். முட்டையிடும் கூட்டுக்கு அதுதான் சுவர். அரை நிமிடத்துக்குள் வெட்டி முடிக்கும். காலை வெயிலில் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். கொடிக்கு ஒரு சேதமும் இல்லை.

வெள்ளைப் பஞ்சு மாதிரிக் கணுவில் அப்பி இருந்தால் அது மாவுப்பூச்சி. ஒரு லீற்றர் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு கிழமைக்கொரு தரம் மூன்று முறை தெளியுங்கள். ஆட்டுக்கு மருந்தில்லை, வேலிதான். இளந்தளிரை முள்ளோடு கடித்துப் போகும்.

வாங்கேக்க ஒரு மரத்தில மூணு நிறம். இப்ப பார்த்தா எல்லாம் ஊதா. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. அது ஒட்டுக் கன்று. பலமான ஊதா வகையை அடிக்கட்டையாக வைத்து, அதன் மேல் வெள்ளை, செம்மஞ்சள் என்று ஒட்டியிருப்பார்கள். ஒட்டுக்குக் கீழே அடிக்கட்டையில் இருந்து கிளை வந்தால் அது மற்றதை மேவி வளரும். தண்டில் முடிச்சுப் போலத் தடித்த இடங்களைத் தேடுங்கள். அதற்குக் கீழே வருகிற எல்லாத் தளிரையும் சின்னதிலேயே கிள்ளிவிடுங்கள். மேலே ஒட்டு இன்னும் உயிரோடு இருந்தால் அந்த ஊதாக் கிளைகளை அடியோடு வெட்டுங்கள், நிறம் திரும்பும். ஒட்டில்லாமலே ஒரே கொடியில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் பூக்கிற வகையும் உண்டு, மேரி பாமர் என்பார்கள். அதன் நிறம் கொத்துக்குக் கொத்து மாறும், அது இயல்பு.

வீடு பெருப்பிக்கப் போறம். பன்னிரண்டு வருசக் கொடி, அம்மா வெச்சது. கிளப்பி வேற இடத்தில வைக்க ஏலுமா?

ஏலும், ஆனால் உறுதி சொல்லமாட்டேன். வேரைப் பற்றி மேலே சொன்னது பெரிய கொடிக்கும் பொருந்தும். அதனால் முதல் வேலை: அந்தக் கொடியில் இருந்து பத்துப் பன்னிரண்டு தடி வெட்டிப் போத்தலில் வையுங்கள். அம்மா வைத்தது அந்தத் தடிகளிலும் இருக்கிறது.

பிறகு, மழை ஓய்ந்த தையில் கொடியை இடுப்பளவுக்கு வெட்டி இறக்குங்கள். அடியில் இருந்து ஒன்றரையடி தள்ளி, ஒரு பக்கம் அரைவட்டமாக மண்வெட்டியால் நேர்கீழே வெட்டி, மண்ணைத் திரும்ப மூடிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து மற்றப் பக்கம். இன்னொரு மாதத்தில், முதல்நாள் தண்ணி ஊற்றி, வேர்க்கட்டியைச் சணல் சாக்கால் சுற்றி இறுகக் கட்டி, மூன்று நாலு பேராகத் தூக்குங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கக்கூடாது, கட்டிக்குக் கீழே பலகை கொடுத்துத் தூக்குங்கள். புதுக் குழியில் சாக்கோடேயே இறக்குங்கள், அது மண்ணுக்குள் உக்கிப் போகும். மேலே கிடுகால் ஒரு மாதம் நிழல் போடுங்கள்.

இலை எல்லாம் கொட்டும், நாற்பது நாள் வெறும் கட்டையாக நிற்கும். பயந்து தண்ணியைக் கூட்டாதீர்கள். நகத்தால் தண்டின் தோலை ஓரிடத்தில் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் நிற்கிறது. பத்து நாள் கழித்து வேறோரிடத்தில் சுரண்டிப் பாருங்கள்.